பழைய சுவருக்குப் புது விலை
நகரில் ஒரு கூரை - 9

சென்ற வாரம் வாடகையோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் விலைக்கு வருவோம்.

கொழும்பு மாளிகாவத்தையில் வீடு பார்க்கப் போன உறவினர் ஒருவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஓட்டோ நுழையத் திணறும் ஒழுங்கை. இரண்டரைப் பேர்ச் காணி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஈரம் ஏறிக் காரை உதிர்ந்திருந்தது. மேலே பாதி தகரம், பாதி அஸ்பெஸ்டஸ். கேட்ட விலைக்கு நகரத்துக்கு வெளியே புத்தம்புது வீடே வாங்கிவிடலாம்.

“நானா, இது எத்தனை வருசத்து வீடு?” என்று மெதுவாகத் தொடங்கினார் உறவினர். விலையைக் குறைக்கத்தான்.

“வருசத்தக் கேக்காதீங்க தம்பி. எடத்தப் பாருங்க.”

வீட்டுக்காரர் சொன்னது சரி. வீடு பழசாகும், காணி பழசாவதில்லை. கணக்குக்காக ஒரு பேர்ச் 50 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரைப் பேர்ச்சுக்கு மண்ணே ஒன்றேகால் கோடி. அதன்மேல் நிற்கும் சுவருக்கும் கூரைக்கும் பத்து இலட்சம் குறைத்தாலும் கூட்டினாலும் மொத்த விலை பெரிதாக அசையாது. நகரத்துக்கு வெளியே இதே கணக்கு தலைகீழ். அங்கே மண் மலிவு, சீமெந்துக்கும் கம்பிக்கும்தான் காசு.

மாளிகாவத்தையில் மண் கூடப்போவதுமில்லை. அங்குள்ள கெத்தாராம மைதானம் 1986 இல் திறக்கப்பட்டது சதுப்பை நிரப்பித்தான். இனி நிரப்ப என்ன மிச்சம்? வாங்க நினைப்பவர்களோ பெரும்பாலும் அங்கேயே பிறந்தவர்கள். பள்ளி பக்கத்தில் வேண்டும், பிள்ளைக்கு சாஹிரா கல்லூரி வேண்டும், கடை பஞ்சிகாவத்தையில், உம்மா அடுத்த ஒழுங்கையில். இப்படிப்பட்ட குடும்பத்துக்குப் பத்து மைல் தள்ளி எவ்வளவு நல்ல வீடு கிடைத்தாலும் அது பதிலாகாது. விலையை ஏற்றுவது தரகர் மட்டுமல்ல, ஊரை விட்டுப் போக மனமில்லாத இந்தப் பிரியமும்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இன்னொரு காரணம் பலர் கண்ணில் படுவதில்லை. கொழும்பில் இன்று புதிதாகக் காணி பிரித்தால் ஒரு துண்டு ஆறு பேர்ச்சுக்குக் குறையக்கூடாது என்பது பொது விதி. புதுக் கட்டடம் பின்னால் இடம் விட வேண்டும், வீதிக்கோட்டுக்கு ஒதுங்கியும் நிற்க வேண்டும். அந்த இரண்டரைப் பேர்ச் வீடு எல்லையிலிருந்து எல்லை வரை நிற்கிறது. உடைத்துவிட்டுக் கட்டப் போனால் ஒரு அறை காணாமல் போகும். அதனால்தான் மேசன் பாஸ்மார் அங்கே சுவரை உடைக்காமல் உள்ளுக்குள்ளேயே திருத்துகிறார்கள். பழசு என்பதாலேயே அந்தச் சுவருக்கு ஒரு மதிப்பு உண்டு. புதுச் சுவர் எதுவும் அந்த இடத்தில் எழும்ப முடியாது.

பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயைச் சுற்றி நின்றது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அதற்கு முந்திய வருடம் ஆயிரம் ரூபாய் அளவில் வாங்கிய 50 கிலோ சீமெந்து மூட்டை மூவாயிரத்தை எட்டியது. கம்பிக்கும் அலுமினியத்துக்கும் வேண்டிய மூலப்பொருள், லிஃப்ட் எல்லாம் கப்பலில் வருபவை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் நூற்றுக்கு 18. புது வீடு கட்டும் செலவு ஏறியதும், ஏற்கெனவே கட்டி நிற்கும் வீட்டுக்காரர் தன் விலையையும் அதோடு ஏற்றினார். அவர் வாங்கிய சீமெந்து என்ன விலை என்று சந்தை கேட்பதில்லை. இன்று அதே சுவரைக் கட்ட என்ன ஆகும் என்றுதான் கேட்கிறது.

தொடர்மாடிகளில் கதை கொஞ்சம் வேறு. தேசிய வீடமைப்புத் திணைக்களம் கட்டிய மாளிகாவத்தை வீடுகளில் அரை நூற்றாண்டாகக் குடும்பங்கள் இருக்கின்றன. மண்ணில் தனிப்பங்கு இல்லை, பொதுப்பங்குதான். தனித்தனி மாடி வீட்டுக்கு உறுதி எழுத வழி தந்தது 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம். பழைய தொடர்மாடி வாங்குபவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: உள்ளே பதித்த டைல்ஸைப் பார்த்து விலை பேசாதீர்கள். மொட்டை மாடிக்கு ஏறுங்கள். கொங்கிறீட் பெயர்ந்து கம்பி துருவோடு தெரிகிறதா, கழிவுநீர்க் குழாய் எந்தச் சுவர் வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். பொதுக் கூரை ஒழுகினால் அதைத் திருத்த யார் காசு போடுவார்கள் என்று மேல்மாடிக்காரரையும் கீழ்மாடிக்காரரையும் தனித்தனியாகக் கேளுங்கள். அந்தச் செலவு விலையில் கழிக்கப்படாவிட்டால், பழைய வீட்டைப் புது வீட்டை விடக் கூடிய விலைக்கு வாங்குகிறீர்கள்.

உறவினர் மறுநாள் மேசன் பாஸ் ஒருவரோடு திரும்பிப் போனார். பாஸ் சுவரைத் தட்டினார், வளையைக் கீறிப் பார்த்தார். “செவர் நல்லம். கூரை முழுக்க மாத்தணும்,” என்றார். கூரைச் செலவை எழுதிக் காட்டியதும் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். அதன் பிறகுதான் உறவினர் உறுதியைக் கேட்டார். அலுமாரியிலிருந்து வந்த கடதாசி வீட்டுக்காரரின் வாப்பாவின் பெயரில் இருந்தது. வாப்பாவுக்குப் பிள்ளைகள் ஏழு பேர்.

அந்த ஏழு கையெழுத்துகளைப் பற்றி அடுத்த வாரம்.