கடற்காற்றில் ஒரு கோழிக்கூடு

2023 மார்ச் கடைசியில் இந்தியாவிலிருந்து 20 இலட்சம் முட்டைகள் இலங்கைக்கு இறக்குமதியாகின. ஊரெல்லாம் முட்டைத் தட்டுப்பாடு. அந்த நாட்களில்தான் கொள்ளுப்பிட்டியில் எங்கள் வீட்டுக் கோடியில் நாலு பேடுகள் வளர்ப்போம் என்று முடிவெடுத்தேன். சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே பேடு முட்டையிடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். விடிய நாலு மணிக்கு அயலவரின் வசவும் மிச்சம்.

கோடி என்றதும் பெரிய வளவாக நினைக்க வேண்டாம். 15 அடிக்கு 10 அடி. மேற்கு மதிலுக்கு அப்பால் ஒரு வீடு, பிறகு மரைன் டிரைவ், ரயில் பாதை, கடல். ஓடாவி ஒருவரைப் பிடித்து, கைப்பேசியில் பார்த்த படத்தைக் காட்டினேன்: கூர்க்கூரை, சின்னக் கண்ணாடி யன்னல், இடுக்கே இல்லாத பலகைச் சுவர். சொன்னபடியே அடித்துத் தந்தார். மழைக்காலம் வருகிறதே என்று நாலு பக்கமும் தறப்பாள் கட்டியது என் சொந்தப் புத்தி.

மே மாதம் ஒரு விடியற்காலை கூட்டைத் திறந்தேன். கண் எரிந்தது. தறப்பாளின் உட்பக்கம் முத்துமுத்தாக நீர். கீழே போட்டிருந்த மரத்தூள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு பேடு வாயைத் திறந்து திறந்து மூச்செடுத்தது. முதல் நாள் இரவு ஒரு துளி மழைகூடப் பெய்யவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோழிக்கு வீடு கட்டச் சொன்னால், நீ பெட்டியெல்லோ அடிச்சு வச்சிருக்கிறாய்."

உள்ளேயிருந்து வந்த ஈரம்

அந்தத் தண்ணீர் கோழிகளிடமிருந்தே வந்தது. முட்டையிடும் பேடு ஒன்று நாளொன்றுக்குக் கால் லீற்றர் அளவில் நீர் குடிக்கும். வெயில் கூடினால் இன்னும் அதிகம். நாலு பேடுகளுக்கு ஒரு லீற்றர். ஒரு முட்டையோடு வெளியேறுவது சுமார் 40 மில்லிலீற்றர்தான். மிச்சம் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வர வேண்டும். இரவில் அதற்குக் கூட்டை விட்டால் வேறு இடமில்லை.

கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதே அதன் சிறுநீர்: யூரிக் அமிலம். காய்ந்து கிடந்தால் அதனால் பெரிய தொல்லையில்லை. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அமோனியாவாக மாற்றத் தொடங்குகின்றன. என் கண்ணை எரித்தது அந்த வாயு. காற்றில் பத்து இலட்சத்தில் 25 பங்குக்கு மேல் அமோனியா ஏற விடக்கூடாது என்பது கோழிப் பண்ணைகளில் பொதுவான கணக்கு. கோழிக்கு நுரையீரலோடு சேர்ந்து ஒன்பது காற்றுப் பைகள் இருக்கின்றன. கெட்ட காற்று நெஞ்சோடு நிற்பதில்லை. உடம்பின் பெரும்பகுதிக்குள் நுழைந்து வருகிறது.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயிலில் சூடு தணிய வாயைத் திறந்து மூச்சிரைப்பதே முக்கிய வழி. சுற்றிலும் ஈரக் காற்று நிறைந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகும். வருடம் முழுக்கப் பகலில் 30 பாகையைத் தொடும் கொழும்பில் குளிரை நினைத்துக் கூட்டை மூடுவதில் அர்த்தமில்லை. பனி கொட்டும் அமெரிக்காவிலேயே பிரின்ஸ் வுட்ஸ் என்ற மருத்துவர், முன்பக்கம் திறந்த கோழிக்கூடுகளே நல்லவை என்று 1912 இல் ஒரு நூல் எழுதினார். நான் படத்தில் பார்த்து மயங்கிய பெட்டி, குளிர் நாட்டுக் கோழிக்கே அவசியமில்லாதது.

ஆகவே முதல் வேலையாகத் தறப்பாளைக் கழற்றினேன். கூரைக்குச் சற்றுக் கீழே, கோழிகள் குந்தும் கொம்புக்கு மேலே, சுற்றிவர ஓர் அடி அகலத்துக்குப் பலகையை அறுத்துவிட்டுக் கம்பி வலை அடித்தோம். சூடான ஈரக் காற்று மேலே ஏறி அந்த வழியால் போய்விடும். தூங்கும் கோழியின் மேல் காற்று நேராக அடிப்பதுமில்லை.

மேலிருந்தும் பக்கத்திலிருந்தும்

யாழ்ப்பாணத்தில் பெருமழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மற்ற மாதங்களில் கிடுகு வேய்ந்த கூடு தானாகக் காயும். கொழும்பிலோ தென்மேல் பருவப்பெயர்ச்சியும் ஐப்பசி மழையும் மாறிமாறி வந்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் கொட்டுகின்றன. ஊர் நினைவை வைத்துக்கொண்டும் இங்கே கூடு கட்ட முடியாது.

எங்கள் கூடு 6 அடிக்கு 4 அடி. ஒரு கோழிக்கு 6 சதுர அடி வருகிறது, தாராளம். கூரையைச் சுற்றிலும் ஒன்றரை அடி வெளியே நீட்டினோம். அந்தக் கூரையில் ஆண்டொன்றில் விழும் மழை சுமார் 14,000 லீற்றர்: மொட்டைமாடிகளில் நிற்கும் 1,000 லீற்றர்த் தாங்கிகள் பதினான்கு. அத்தனையும் கூட்டின் காலடியில் விழுந்தால் கோடியே சேறாகிவிடும். சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பீலி வைத்து வாளிக்கு இறக்கினோம். பூச்சாடிகளுக்கு அந்த நீர்.

கூரைக்குத் தகரம்தான் நீடிக்கும். ஆனால் வெயிலில் கொதிக்கும், இரவில் குளிர்ந்து அடிப்பக்கம் வியர்க்கும். தகரத்தின் மேல் சட்டம் வைத்து, நாலு விரல் இடைவெளி விட்டுக் கிடுகு பரப்பினால் இரண்டுமே குறையும். கிடுகு உக்கினால் மாற்றிக்கொள்ளலாம். எங்காவது கழித்துப் போட்ட அஸ்பெஸ்டஸ் தகட்டை மட்டும் அறுத்துப் பொருத்தாதீர்கள். அந்தத் தூசி மனித நுரையீரலுக்கு ஆகாது.

கடலோரத்தில் மழை நேராக விழுவது குறைவு. தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். சாயங்கால வெயிலும் மேற்கிலிருந்து வரும். எனவே கூட்டின் நீளத்தைக் கிழக்கு மேற்காகத் திருப்பினோம். மேற்குப் பக்கத்துக் குறுகிய சுவர் மட்டும் இடுக்கில்லாத பலகை. வடக்கும் தெற்கும் வலை. தெற்குப் பக்கத்தில் சுருட்டி விடக்கூடிய ஒரு தறப்பாள் திரை. மழைக்கு இறக்குவோம், நின்றதும் ஏற்றிவிடுவோம். இறக்கும்போதும் மேலே உள்ள வலை இடைவெளியை அது மூடாது.

கீழிருந்து

கூட்டின் தளத்தை நிலத்திலிருந்து 2 அடி உயர்த்தி, மரக்கால்களைச் சீமெந்துக் கல்லின் மேல் நிறுத்தினோம். ஈரமும் கறையானும் நேராக ஏறாது. எலி குடியேறினாலும் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். எறும்பு ஏறாமலிருக்கக் கால்களை நீர்க் கிண்ணத்தில் வைப்பது பழைய உத்தி. 2017 இல் மட்டும் 186,101 டெங்கு நோயாளர் பதிவான நாட்டில் அந்த உத்தி வேண்டாம். ஒரு கிண்ண நீர் நுளம்புக்குப் போதும். முட்டை, புழுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். பதிலுக்குக் கூட்டின் கால்களில் கிறீஸ் பூசுங்கள். கோழியின் குடிநீரைத் தினமும் கொட்டி மாற்றுங்கள், பீலி வாளிக்கு வலைமூடி போடுங்கள்.

தளத்தின் மேல் நாலு அங்குலத்துக்கு உமியும் மரத்தூளும். கோழிகள் கிளறக் கிளற எச்சம் அதோடு கலந்து காயும். கொம்பு முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். உயர்ந்த இடத்தில் உறங்குவது காட்டுக்கோழியின் பழக்கம். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி முட்டையெல்லாம் எச்சமாக்கிவிடும். ஒரு கோழிக்கு 9 அங்குலக் கொம்பு போதும். கால் மடங்கும்போது தசைநார் இழுபட்டு விரல்கள் தாமாகவே கொம்பைப் பற்றிக்கொள்ளும், தூக்கத்தில் விழாது.

வலையும் உப்பும்

கொழும்பு வெறும் சீமெந்துக் காடல்ல. 2018 இல் ராம்சர் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் இது. மீன்பிடிப் பூனைகூட இதன் சதுப்புநிலங்களில் வாழ்கிறது. கொள்ளுப்பிட்டி ஒழுங்கைகளில் நமக்குப் பழக்கமானவை வேறு: கூரைச் சீலிங்கில் ஓடும் மரநாய், மதிலோரம் வரும் கீரி, பெருச்சாளி, தெருநாய். அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். நாயை வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த வலைதான் வேண்டும். கீரி தோண்டும் என்பதால், கோழிகள் உலாவும் அடைப்பைச் சுற்றி ஓர் அடி அகல வலையை நிலத்தில் படுக்கவைத்து மண் மூடினோம். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, மரநாய் நெம்பிவிடக்கூடும். கொண்டியோடு ஓர் ஊசியும் வேண்டும்.

அந்த வலையும் கடலோரத்தில் நெடுநாள் நிற்காது. கம்பியைக் காப்பது அதன் மேலுள்ள நாகப் பூச்சு. காற்றில் வரும் உப்பு ஈரத்தில் கரைந்து அதைத் தின்கிறது. முதலில் கறள் பிடிப்பது பற்றவைத்த மூட்டுகள். பழைய சோனகத் தெருவில் வாங்கும்போது, பற்றவைத்த பிறகு நாகம் பூசியதா, முன்பே பூசியதா என்று கேளுங்கள். பிறகு பூசியதில் மூட்டுகளும் மூடியிருக்கும். பிளாஸ்டிக் உறையிட்டது இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுகிறோம், வெயில் நாளாகப் பார்த்து.

இப்போது என் காலைச் சோதனை ஒரு நிமிடம்தான். குந்தியிருந்து, மூக்கைக் கோழியின் உயரத்துக்கு இறக்கி, ஒரு மூச்சு. பிறகு ஒரு பிடி உமியை எடுத்து அமுக்கிப் பார்ப்பேன். கட்டியாக நின்றால் கிளறி, புது உமி போட வேண்டும். தூசியாகப் பறந்தால் மிகக் காய்ந்துவிட்டது. அமுக்கி விட்டதும் மெதுவாக உதிர்ந்தால் சரி.

ஆடி மாதம் அம்மா மீண்டும் வந்திருந்தார். அன்றிரவு முழுக்கக் காற்றும் மழையும். விடிந்ததும் குடையோடு போய்க் கூட்டுக்குள் கையை விட்டு உமியைத் தடவிப் பார்த்தார். பிறகு, குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் ஓலைப் பின்னலை நினைத்தோ என்னவோ, "கரப்பு மாதிரித்தான் இருக்கு" என்றார். அதற்குமேல் பாராட்டு அவரிடம் கிடையாது.