நம் கார், நம் கையில் – 11: கடைசியாகக் கை வைத்த இடம்

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், என்ஜின் ஆயில், கூலன்ட் ஆகியவற்றை வீட்டு வாசலிலேயே மாற்றுவது எப்படி என்று சென்ற வாரங்களில் பார்த்தோம். வேலை முடிந்து, பானெட்டை மூடிவிட்டு சாவியைத் திருப்பினால் வண்டி முன்பைவிட மோசமாக ஓடுகிறது. சிக்னலில் நிற்கும்போது உதறுகிறது, பிக்கப் இல்லை, சில நேரம் ஸ்டார்ட்டே ஆவதில்லை. அப்போது என்ன செய்வது? இந்த வாரம் முழுக்க அதுதான்.

இந்த நிலையில் பலர் பெட்ரோலைச் சந்தேகிக்கிறார்கள். இன்ஜெக்டர், ஃப்யூயல் பம்ப் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்க்கிறார்கள். காசுதான் கரையும். காலையில் ஒழுங்காக வேலை செய்த பம்ப், நீங்கள் பிளக் மாற்றிய அதே ஒரு மணி நேரத்தில் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். எதைக் கழற்றினேன், எதைத் தள்ளி வைத்தேன், கை போகும் வழியில் எதை இடித்தேன் என்று கேட்டுப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டிய விளக்குகள்

தேடத் தொடங்கும் முன், என்ஜினை ஓடவிடலாமா என்பதை முடிவு செய்யுங்கள். ஆயில் மாற்றிய பின் முதல் ஸ்டார்ட்டில், புது ஃபில்டர் நிரம்பும் வரை சிவப்பு ஆயில் விளக்கு சில விநாடிகள் எரியும். அதற்கு மேலும் எரிந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் ஓடும் என்ஜினில் பேரிங்குகள் நிமிடக் கணக்கில் தேய்ந்து போகும். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறினாலும் இதே விதிதான்.

செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் அவசரமில்லை, நிதானமாகத் தேடலாம். அது விட்டுவிட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஸிங் என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் பீங்கான் அடுக்கு உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு செட் பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு செலவு அது. அந்த விளக்கு மின்னும்போது வண்டியை ஓட்டாதீர்கள்.

பிளக் மாற்றிய பின் மிஸ்ஸிங்

வண்டி சீராக இல்லாமல் விட்டுவிட்டு உதறினால், ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. முதலில் காயில் கனெக்டர்களைப் பாருங்கள். பல ஆண்டுகள் என்ஜின் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் லாக், கழற்றும்போது எளிதில் உடையும். கனெக்டர் மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும், உள்ளே பின் தொட்டிருக்காது. “க்ளிக்” என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள்.

எந்த சிலிண்டர் என்று அறிய ஸ்கேனர் உதவும். பி.எஸ்.–4 விதிகளின்படி 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி.–2 கட்டாயமானதால், அதன் பிறகு வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். கையடக்க ரீடரைச் செருகினால் குறியீடு தெரியும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 இரண்டாவது. பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் நில்லாமல் மாறி மாறி வருகிறது.

பி0301 வந்தது என்று வைத்துக்கொள்வோம். புதுக் காயில் வாங்க ஓடாதீர்கள். என்ஜினை ஆஃப் செய்துவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதன் காயிலை முதலாவதிலும் மாட்டுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட விடுங்கள். இப்போது பி0302 வந்தால் கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது, குற்றவாளி காயில்தான். பி0301 அப்படியே நின்றால் காயில் நல்லது. பிளக்குகளை இதே போல மாற்றிப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைப் போல நம்பகமானது வேறில்லை.

பிளக்கைக் கழற்றியதும் வெள்ளைப் பீங்கான் பகுதியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சாக்கெட் சாய்வாக இறங்கினால் அதில் மயிரிழை விரிசல் விழும். மின்பொறி முனைக்குப் போகாமல் விரிசல் வழியே என்ஜின் உடம்புக்குத் தாவிவிடும். முறுக்கிய அளவும் முக்கியம். அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20. தளர்ந்திருந்தால் கம்ப்ரஷன் கசிந்து “டிக் டிக்” என்று சத்தம் வரும். அதிகம் இறுக்கினால் ஹெட்டின் மரை போய்விடும்.

டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள பழைய வண்டிகளில் வேறு ஒரு பிழை நேரும். பிளக் ஒயர்கள் இடம் மாறினால் என்ஜின் குலுங்கும், சைலன்சரில் “டமார்” என்று வெடிக்கும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் ஃபயரிங் ஆர்டர் 1–3–2. நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் 1–3–4–2. ஒயர்களை ஒவ்வொன்றாகவே மாற்றினால் இந்தச் சிக்கலே வராது.

காற்று போகும் வழி

ஏர் ஃபில்டர் மாற்றிய பின் ஐடிலிங் ஏறி இறங்கினால், ஃபில்டர் பெட்டியிலிருந்து என்ஜின் வரை காற்றுக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். கிளாம்ப் இறுகியிருக்கிறதா, மெல்லிய வேக்கம் ஹோஸ் எதுவும் கழன்று தொங்குகிறதா, பெட்டியில் செருகியிருந்த சென்சார் கனெக்டர் திரும்ப மாட்டப்பட்டதா என்று பாருங்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், அதைத் தாண்டிய பிறகு நுழையும் காற்று கணக்கில் வராது. கம்ப்யூட்டர் குறைவாகப் பெட்ரோல் கொடுக்கும்; பி0171 என்ற குறியீடு வரும். “உஸ்” என்ற சத்தமே பல நேரம் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தவர்களுக்கு ஐடிலிங் உயர்ந்து நிற்கலாம். பல ஆண்டு கரி படிந்த நிலைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்ட கம்ப்யூட்டர், இப்போது சுத்தமான வழியில் அதிகக் காற்று வருவதைப் புதிதாகக் கற்க வேண்டும். சில வண்டிகள் ஓட ஓடத் தாமே கற்கும். சிலவற்றுக்கு ஸ்கேனரில் ரீலேர்ன் கொடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பழைய கற்றல் அழிந்து கொஞ்ச தூரம் ஓட்டம் சீராக இருக்காது. இதைக் கோளாறு என்று எண்ணி எதையும் பிரிக்காதீர்கள்.

ஆயிலும் தண்ணீரும்

ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் பழைய ரப்பர் வளையம் சில நேரம் என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் தாங்காமல் ஆயில் பீய்ச்சியடிக்கும். எனவே முதல் ஸ்டார்ட்டில் ஒருவர் சாவியருகே இருக்க, இன்னொருவர் தள்ளி நின்று ஃபில்டரையும் தரையையும் பார்ப்பது நல்லது.

ஆயில் கூடினாலும் கெடுதல்தான். மேல் குறியைத் தாண்டி அதிகமாக ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் சரியாக அழுத்தம் தராது. ஒரு பகுதி காற்று வழிக்குப் போய் நீலப் புகையாக வெளியேறும். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை ஆஃப் செய்து சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மூடி இறுக்கமாக இல்லாவிட்டாலும் பல வண்டிகளில் ஐடிலிங் கெடும்.

கூலன்ட் மாற்றிய பின் சூடு ஏறினால் ஏர் லாக்கைச் சந்தேகியுங்கள். முள் மேலே இருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் அது தெளிவான அடையாளம். என்ஜின் முழுதும் ஆறிய பின் அளவைச் சரிபார்த்து, ப்ளீடிங் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை எந்தச் சூழ்நிலையிலும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் நீர் திறந்த கணத்தில் கொதித்துப் பொங்கி முகத்தில் அடிக்கும்.

டீசல் வண்டியில் ஃபில்டர் மாற்றிய பின் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பெரும்பாலும் லைனில் காற்று. ஹேண்ட் பிரைமர் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றிப் பேட்டரியைத் தீர்க்காதீர்கள். ஆனால் காமன் ரெயிலின் உயர் அழுத்தக் குழாய் நட்டுகளைத் தளர்த்தவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

தேடும் முறை

வேலையைச் செய்த வரிசைக்கு நேர் எதிராகத் திரும்பிப் போங்கள்: கடைசியாக மாட்டியதை முதலில் சரிபாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஓட்டிப் பார்த்து, குறித்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த முறை கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

டைமிங் பெல்ட்டைத் தொட்ட பின் சத்தம் மாறினால் ஒரு முறைகூட மேலும் சுற்றாதீர்கள். ஒரு பல் தவறினாலே ஓட்டம் கெடும். இன்னும் அதிகம் தவறினால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடிக்கும். அங்கே நம் வேலை முடிந்தது. வண்டியைக் கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். போனதும் என்னென்ன கழற்றினீர்கள், எதை மாற்றினீர்கள் என்று முழுதும் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் அவர் வண்டி முழுக்கத் தேடுவார். அந்தக் கூலியும் நாம்தான் கொடுக்க வேண்டும்.