ஆம்பளைக்கும் மார்பில் புற்று வரும்: கேலாங்கில் இருப்பவர் எங்கே போவது?



மார்புப் புற்றுநோய் என்று தலைப்பைப் பார்த்ததுமே, "இது பொம்பளைங்க சமாச்சாரம், வீட்டுக்காரிகிட்ட குடு" என்று பக்கத்தைத் திருப்பும் ஆண்கள் உண்டு. இந்த மாதம் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். முக்கியமாக, ஜொகூர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு, கேலாங் லோரோங்குகளில் நாலு பேர், ஆறு பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கிற நம் பிள்ளைகளுக்காக. பெற்றவர்கள் இந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்பி வைத்தால் நல்லது.

ஆணுக்கு மார்பு ஏது என்று கேட்கலாம். பால் சுரக்காதே தவிர, பெண்ணுக்கு இருக்கிற திசுவில் கொஞ்சம் ஆணுக்கும் காம்புக்குப் பின்னால் இருக்கிறது. திசு இருக்கிற இடத்தில் புற்றும் வரலாம். மார்புப் புற்றுநோய் கண்ட நூறு பேரை எடுத்துக்கொண்டால் அதில் ஆண் ஒருவர்தான் தேறுவார், அதுவும் சில ஊர்களில் இல்லை. பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டித்தான் வருகிறது. நாற்பதிலும் வருவதுண்டு. அரிதான நோய் என்பதால் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நோயாளியும் எதிர்பார்ப்பதில்லை, பல நேரம் முதலில் பார்க்கிற டாக்டரும் எதிர்பார்ப்பதில்லை. பெண்களைவிட ஆண்கள் முற்றிப்போன நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குக் காரணம் இதுதான். நோய் ஒன்றும் ஆணிடம் தனியாக வேகம் காட்டுவதில்லை.

எப்படித் தெரியும்? காம்புக்கு அடியில், அல்லது அதை ஒட்டி, வலியே இல்லாத ஒரு கெட்டியான கட்டி. கொட்டைப்பாக்கு மாதிரி கையில் தட்டுப்படும். காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளலாம். தோல் சுருங்கலாம், புண்ணாகலாம். கம்புக்கூட்டில் நெறி கட்டலாம். காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசியலாம். பாடகி பியான்ஸேயின் தகப்பனார் மேத்யூ நோல்ஸ் தமக்கு இந்த நோய் இருப்பதை 2019இல் வெளியே சொன்னார். சட்டையில் திரும்பத் திரும்பச் சின்ன ரத்தப் பொட்டு விழுவதைப் பார்த்துத்தான் அவர் டாக்டரிடம் போனார். நம் ஆட்கள் சட்டையில் கறை என்றால் செம்பனை முள் குத்தியது என்று விட்டுவிடுவார்கள்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆணின் மார்பு வீங்கினால் எல்லாம் புற்று அல்ல. பதினாலு பதினைந்து வயதுப் பையன்களுக்கு மார்பு சற்றுப் பருத்து, தொட்டால் வலிக்கும். அது தானாகவே அடங்கிவிடும். வயதானவர்களுக்கும், குடியால் ஈரல் கெட்டவர்களுக்கும், சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் மார்பு வீங்குவதுண்டு. பெரும்பாலும் அது இரண்டு பக்கமும் இருக்கும், மெத்தென்று இருக்கும், வலிக்கும். ஒரு பக்கம் மட்டும், கெட்டியாக, வலியில்லாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். 'வலி இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற கணக்கு இந்த நோயில் தலைகீழ்.

சில காலத்துக்கு முன்பு ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தீபாவளி லீவுக்குத் தோட்டத்துக்கு வந்தவர், என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கேலாங்கில் தங்கி ஒரு கிடங்கில் வேலை. "டிரசர் ஐயா, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சட்டையைக் கழற்றினார். இடது காம்பு உள்ளே போயிருந்தது. ஒன்றரை வருஷமாகக் கோடாலித் தைலம் தடவியிருக்கிறார். கூடத் தங்கியிருந்த பையன்கள் சிரிப்பார்கள் என்று அறையில் சட்டையைக் கழற்றுவதையே விட்டுவிட்டாராம். "பொம்பளை சீக்கு எனக்கு வந்திருக்குன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். அவருக்கு மார்பு அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் தேவைப்பட்டன. தைலம் தடவிய அந்த ஒன்றரை வருஷத்தில் கம்புக்கூட்டு நெறிகளுக்கும் நோய் போயிருந்தது. இன்றைக்கும் நம்மோடு இருக்கிறார், அதுவே பெரிய சந்தோஷம்.

சரி, கேலாங்கில் இருக்கிற ஒருவருக்குக் கட்டி தட்டுப்பட்டால் முதலில் எங்கே போவது? சிங்கப்பூர்க் குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர் கேலாங் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம். அங்கே டாக்டர் கடிதம் கொடுத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால்தான் சலுகைக் கட்டணம் கிடைக்கும். நேராக ஸ்பெஷலிஸ்டிடம் போய் நின்றால் முழுக் கட்டணம். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் கம்பெனி டாக்டரிடம் போகலாம். அவர் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பப் பார்த்தால் எழுந்து வராதீர்கள். "மார்பில் கட்டி, ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதிக் குடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கும் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு கேலாங்கிலேயே இருக்கிறது. 2006இல் தொடங்கியது. முதலாளியிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாதவர்கள் அங்கே கேட்கலாம்.

ஆண்களுக்கென்று தனி மார்பு ஆஸ்பத்திரி எங்கும் தேட வேண்டாம். பெண்களைப் பார்க்கும் அதே மார்பு அறுவை டாக்டர்தான் ஆணையும் பார்ப்பார். சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையம் 1999இல் திறந்தது, ஊட்ராமில் இருக்கிறது. அல்ஜுனிட் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மாறாமல் ஏழாவது ஸ்டேஷன். டான் டொக் செங் ஆஸ்பத்திரியிலும், கெண்ட் ரிஜ்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகப் புற்றுநோய்க் கழகத்திலும் இந்த வைத்தியம் உண்டு. காத்திருக்கிற இடத்தில் சுற்றிலும் பெண்கள் இருப்பார்கள், பாரத்தில் மாதவிடாய் பற்றிக்கூடக் கேள்வி இருக்கும். கோடு போட்டுவிட்டு உட்காருங்கள். கூட வீட்டுக்காரியோ தங்கச்சியோ வந்தால், 'யாருக்கு டாக்டரைப் பார்க்கணும்' என்று அவர்களைத்தான் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

சோதனைகள் மூன்று. மேமோகிராம் ஆணுக்கும் எடுக்கலாம், திசு குறைவு என்பதால் சற்று அழுத்தும், அவ்வளவுதான். அடுத்தது ஸ்கேன். மூன்றாவது, ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது. ஊசி பட்டால் புற்று பரவும் என்று நம் லயங்களில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பிச் சோதனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். அந்தத் துளி சதை இல்லாமல் எந்த மருந்து கேட்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் புற்று பெண் ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை. அந்த ஹார்மோன் ஆண் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. அதனால் அறுவைக்குப் பிறகு டமொக்சிஃபென் என்ற மாத்திரையை ஐந்து வருஷமாவது தினமும் சாப்பிடச் சொல்வார்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உடம்பு திடீரென்று கொதிக்கும், வேர்த்துக் கொட்டும், தாம்பத்திய ஆசை குறையும். வெட்கத்தால் டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், சொல்லுங்கள், வழி இருக்கிறது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம்.

புது மருந்துகளை வெகு காலம் பெண்களிடமே சோதித்தார்கள், ஆண்களைச் சேர்ப்பதில்லை. 2019இல் அமெரிக்க மருந்து ஆணையம் பால்போசிக்லிப் என்ற மாத்திரையை ஆண்களுக்கும் அனுமதித்தது. அடுத்த வருஷம், மார்புப் புற்று மருந்துச் சோதனைகளில் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்று வழிகாட்டுதலும் கொடுத்தது. நிலைமை மாறிக்கொண்டு வருகிறது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியது ஒன்று. பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக் கோளாறு இருந்தால் ஆணுக்கும் இந்த நோய் வர வாய்ப்பு கூடும். மேத்யூ நோல்ஸுக்கு இருந்தது அதுதான். தகப்பனிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே அப்பாவுக்கு வந்ததை மகளிடம் மறைப்பது மகளுக்குச் செய்யும் தீங்கு. மரபணுச் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மனத்தெம்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனம் 1997இலிருந்தும், சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 1964இலிருந்தும் இருக்கின்றன. இளஞ்சிவப்பு நாடாவைப் பார்த்துத் திரும்பி வராமல், போய்ப் பேசிப் பாருங்கள். அமெரிக்க நடிகர் ரிச்சர்ட் ரவுண்ட்ரீ, ஷாஃப்ட் படத்தில் முரட்டுத் துப்பறிவாளராக நடித்தவர், 1993இல் இந்த நோய்க்கு மார்பு அறுவை செய்துகொண்டார். தொழில் போய்விடும் என்று முதலில் மறைத்தவர், பிறகு மேடைகளில் பேசினார். முப்பது வருஷம் வாழ்ந்து 2023இல் வேறொரு புற்றுநோயால் காலமானார்.

கடைசியாகப் பணம். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் தொழிலாளிக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவ இன்சூரன்ஸ் முன்பு வருஷத்துக்கு 15,000 வெள்ளி. 2023 ஜூலை 1 முதல் எடுக்கும், புதுப்பிக்கும் இன்சூரன்ஸ் குறைந்தது 60,000 வெள்ளி இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கும் ஒரே நாளில் முடியும் அறுவைக்கும் இது பொருந்தும். 15,000க்கு மேற்பட்ட பங்கில் கால் பகுதியை முதலாளி கட்ட வேண்டும். ஆகவே அவசரப்பட்டுப் பெர்மிட்டை ரத்து செய்யும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரியில் மருத்துவச் சமூக சேவகரைப் பார்க்கக் கேளுங்கள். தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

ஊருக்கே திரும்ப முடிவு செய்தால், சோதனை அறிக்கை, ஸ்கேன் படம், சதைச் சோதனை முடிவு எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், வாரங்கள் வீணாகும். ஜொகூர்க்காரர்களுக்கு ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. புத்ராஜெயாவில் 2013இல் திறந்த தேசியப் புற்றுநோய்க் கழகமும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. மலேசியாவில் வேலை செய்து சொக்சோ சந்தா கட்டியவர், நோயால் இனி வேலை செய்யவே முடியாது என்ற நிலையில், 60 வயதுக்கு முன்பே இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப் போடலாம். சந்தா விவரத்தோடு சங்கத்தின் கிளைச் செயலாளரைப் பாருங்கள். பாரம் பூர்த்தி செய்வதில் சிரமம் என்றால் தோட்ட ஆஸ்பத்திரிக்கு எடுத்து வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.