ஸ்கூட்டர் சூடாகி ஐடிலிங்கில் ஆஃப் ஆகிறதா?

அறுவடை சமயத்தில் களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அலையும் ஸ்கூட்டர் சூடேறி, ஐடிலிங்கில் ஆஃப் ஆனால், முதலில் காற்றுப் போகும் வழியைப் பாருங்கள்.

டி.வி.எஸ். 50 போன்ற மொபெட்டில் இன்ஜின் வெளியே இருக்கும். ஓடும்போது எதிர்க்காற்றே அதை ஆற்றிவிடும். ஸ்கூட்டரில் இன்ஜின் மூடிக்குள் இருப்பதால், சிறு விசிறிதான் காற்றைத் தள்ளுகிறது. ஐடிலிங்கில் அதுவும் மெதுவாகவே சுற்றும். பதரும் வைக்கோல் தூசியும் விசிறி மூடியில் அடைத்தால் சூடு வெளியேறாது. ஏர் ஃபில்டர் அடைத்தால் இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

வண்டி நின்றால் நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்ஜினில் விரிசல் விழலாம். வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள். சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கலாம்.

ஆறிய பிறகு ஆயில் அளவைப் பாருங்கள். விசிறி மூடியை பிரஷால் துடையுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக்கூடாது, மாற்ற வேண்டும். தூசியில் ஓடும் வண்டிக்குச் சீக்கிரமே மாற்றுவது நல்லது.

அதன் பிறகும் ஆஃப் ஆனால் பிளக், வால்வு இடைவெளி, பழைய வண்டியானால் கார்புரேட்டர் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் வகை. சென்சாரையும் சோதிக்க வேண்டும்.

ஐடிலிங்கைக் கூட்டிவைத்துச் சமாளிக்காதீர்கள். சூட்டில் இன்ஜின் பிடித்துக்கொண்டால், ஃபில்டர் விலையோடு போக வேண்டியது போரிங் செலவில் போய் நிற்கும்.