எண்ணெயைத் தின்ற கிருமிகள்!

அலாஸ்கா கடற்கரையில் நடந்த அதிசயச் சோதனை

கிருமி என்றதும் காய்ச்சலும் காலராவும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் மனிதன் கொட்டிய நஞ்சைத் தின்று தீர்க்கும் கிருமிகளும் உண்டு. அந்தக் கிருமிகளுக்கு ஒரு முறை மனிதர்களே தீனி போட்டார்கள்!

1989-ம் ஆண்டு மார்ச் 24-ந்தேதி. அமெரிக்காவின் வடகோடியில் உள்ள குளிர்ப் பிரதேசமான அலாஸ்கா. நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. "எக்சான் வால்டெஸ்" என்ற பிரமாண்டமான எண்ணெய்க் கப்பல், கடலுக்குள் இருந்த பாறையில் மோதியது. கப்பலின் அடிப்பாகம் கிழிந்தது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது.

காற்றும் அலையும் எண்ணெயை இழுத்துச் சென்றன. சுமார் 1,300 மைல் நீளக் கரையில் அது படிந்தது. கூழாங்கற்கள் தார் பூசியதுபோலக் கறுத்தன. சிறகில் எண்ணெய் ஒட்டிய கடற்பறவைகள் குளிர் தாங்காமல் செத்தன. அப்படிச் செத்தவை சுமார் 2½ லட்சம் என்று கணக்கிட்டார்கள். மீன் பிடிக்கத் தடை வந்தது. மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள்.

வெந்நீரால் வந்த வினை

ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கரையில் இறங்கினார்கள். குழாய் மூலம் வெந்நீரைப் பீய்ச்சி அடித்தார்கள். எண்ணெய் கழன்றது. கூடவே, பாறையில் ஒட்டி வாழ்ந்த சிப்பிகளும் பாசிகளும் வெந்து மடிந்தன! மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

வேறு வழி என்ன?

விஞ்ஞானிகள் கரையில் இருந்த கிருமிகளைப் பார்த்தார்கள். எண்ணெய் மனிதனுக்கு நஞ்சு. இந்தக் கிருமிகளுக்கோ ஆகாரம். கடலுக்கு அடியிலிருந்து எண்ணெய் ஆங்காங்கே இயற்கையாகவே கசிகிறது. அதைத் தின்று பழகிய கிருமிகள் எல்லாக் கடலிலும் உண்டு. தின்ற எண்ணெயை அவை கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும்.

ஆனால் எண்ணெய் மட்டும் போதாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். நெற்பயிருக்கு உழவர்கள் போடும் அதே சத்துக்கள்தான். அலாஸ்கா கரையில் அவை குறைவு. பானை நிறையச் சோறு இருந்தும் குழம்புக்கு வழியில்லாத வீடுபோல ஆயிற்று கிருமிகளின் நிலை!

கரைக்கு உரம்

ஆகவே கடற்கரைக்கு உரம் போட முடிவு செய்தார்கள். நைட் தீவில் ஒரு சிறு பகுதியில், எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும் திரவ உரத்தைத் தெளித்தார்கள்.

சுமார் இரண்டு வாரம் சென்றது. ஹெலிகாப்டரில் பறந்து பார்த்தவர்கள் வியந்தார்கள். கறுத்த கரையின் நடுவே, ஜன்னலைத் திறந்து வைத்ததுபோல ஒரு கட்டம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. உரம் தெளித்த இடம் அது!

"உரமே சோப்புபோல எண்ணெயைக் கழுவியிருக்கலாமே?" என்ற சந்தேகம் எழுந்தது. நியாயமான சந்தேகம். ஆகவே இன்னோர் இடத்தில், எண்ணெயில் ஒட்டாத உரத்தை வெறும் கடல் நீரில் கரைத்துத் தெளித்தார்கள். அங்கும் கரை வெளுத்தது. கிருமிகளின் வேலைதான் என்பது உறுதியாயிற்று. உரம் போட்ட இடத்தில் எண்ணெய் குறைந்தது இரண்டு மடங்கு வேகத்தில் சிதைந்தது. அந்தக் கோடையிலேயே 70 மைலுக்கு மேற்பட்ட கரைக்கு உரம் போட்டார்கள்.

வெளியிலிருந்து கொண்டுவந்த கிருமிகளையும் 1990-ல் சோதித்தார்கள். கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. உள்ளூர்க் கிருமிகளே போதுமானவையாக இருந்தன.

அடியில் தங்கிய எண்ணெய்

ஆனாலும் இந்தக் கிருமிகளுக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். கல்லுக்கு அடியில் ஆழத்தில் பிராணவாயு குறைவு. 2001-ம் ஆண்டு 91 கரைகளில் சுமார் 9 ஆயிரம் குழிகள் தோண்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட கரைகளில் எண்ணெய் இருந்தது. மேலே கல் வெளுத்திருந்தது. மண்வெட்டியால் சிறிது தோண்டியதும், 12 ஆண்டுகளுக்கு முன் கொட்டிய எண்ணெய் குழியில் கசிந்து வந்தது.