கேமரா சொல்லும் சாட்சி: நம் மாவட்டக் கதையை யார் பதிவு செய்வது?

1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த சக தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணியாகச் சென்றார்கள். போலீஸார் தடியடி நடத்தினர். தப்பிக்கத் தாமிரபரணிக்குள் இறங்கியவர்களையும் தடி விடவில்லை. 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு.

விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம், இறந்தவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கியே இறந்ததாகச் சொன்னது. அவர்கள் ஏன் ஆற்றில் இறங்க நேர்ந்தது? அந்தக் கேள்வியை மக்கள் முன் வைத்தது ஆர்.ஆர்.சீனிவாசன் இயக்கிய 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படம். பெரிய நிறுவனம் எதுவும் எடுத்த படமல்ல அது. ஆணையத்தின் அறிக்கை அலமாரிக்குள் இருக்கிறது. படம் இன்றும் பார்ப்பவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறது.

எல்லாக் கொடுமைக்கும் உடனே கேமரா வந்துவிடுவதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் வந்ததோ 2005-ல்தான். இடையில் 37 ஆண்டுகள். அதற்குள் சொல்ல வேண்டியவர்களில் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. நம் மண்ணிலும் இப்படியொரு கதை உண்டு.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இங்குள்ள தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, நிலமில்லாததால்தான் அடிமைத்தனம் தொடர்கிறது என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1892-ல் அரசாணை பிறந்தது. அப்படி ஒப்படைக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். அத்தனைக்கும் தொடக்கம் நம் மாவட்டம்.

நூறாண்டு கழித்து, கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்கக் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அன்று நம் ஸ்ரீபெரும்புதூரும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. ஆண்டுதோறும் அக்டோபரில் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்துகிறோம். ஆனால் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர்கள் தெரியும்?

இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வடகால் வரை சிப்காட் வந்தபின் இங்கே நிலத்தின் விலையும் முகமும் மாறிவிட்டன. ஏரியும் களமும் இருந்த இடம் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டது. எது பஞ்சமி நிலம், எது இல்லை என்பதை வாய்ப்பேச்சில் முடிவு செய்ய முடியாது. பதிவேட்டைப் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடு இன்றைய நிலையைக் காட்டும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பதிவேடுகளோடு அதை ஒப்பிட்டால்தான் நிலம் கைமாறிய கதை தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் நகல் கேட்டு மனு கொடுக்கலாம்.

பதிவேடு ஒரு சாட்சி என்றால், ஊர்ப் பெரியவர்கள் இன்னொரு சாட்சி. எந்த வயலில் யார் ஏர் ஓட்டினார், எந்த ஆண்டு யார் வந்து கைரேகை வாங்கிப் போனார், எவ்வளவு கடனுக்கு நிலம் போனது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். 1994-ல் ஊர்வலத்தில் நடந்த இளைஞர்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. அவர்களுடைய பெற்றோர் தலைமுறை நம் கண் முன்னே குறைந்துகொண்டே வருகிறது.

கல்லூரி மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். ஆவணப்படத்துக்குப் பெரிய கேமரா தேவையில்லை, கையில் இருக்கும் போன் போதும். பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சம்மதம் கேளுங்கள். முகம் காட்ட வேண்டாம் என்றால் குரலை மட்டும் பதியுங்கள். குறுக்கே பேசாதீர்கள். ஊர், தேதி, முடிந்தால் சர்வே எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். கேட்டதைப் பதிவேட்டோடு சரிபார்த்த பிறகே வெளியில் சொல்லுங்கள்.

வெண்மணிக்குக் கேமரா போக 37 ஆண்டுகள் ஆயின. செங்கல்பட்டுத் துப்பாக்கிச்சூடு நடந்து 30 ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.