மடிக்கணினிக்குள் ஒரு துறைமுகம்

குபெர்னெட்டஸ் என்றால் கிரேக்கத்தில் மீகாமன். முழுப் பெயரும் வாயில் நுழையாதவர்களுக்கு ‘கே8எஸ்’: நடுவில் விட்டது 8 எழுத்து! 2014-ல் கூகுள் வெளியிட்ட இந்த மென்பொருள்தான், எந்தக் கன்டெய்னரை, அதாவது செயலியை அடைத்த பெட்டியை, எந்தக் கணினியில் ஏற்றுவது என்று உலகெங்கும் அதட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கப்பலின் எஞ்சின் அறையை எட்டிப் பார்ப்போமா? நிரலைத் திருத்திப் பார்க்க விரும்புவோருக்கான கையேடு கேட்பது 8 ஜிபி ராம், 50 ஜிபி காலி இடம். அவ்வளவுதான் டிக்கெட்!

கிட்ஹப்பில் ஃபோர்க் (உங்கள் பெயரில் ஒரு நகல்), அப்புறம் குளோன் (அதை மடிக்கணினிக்கு இறக்குவது). நிரல் பெரும்பாலும் ‘கோ’ மொழி. ஆனால் பில்ட் பண்ண ‘கோ’வை நிறுவ வேண்டாம், கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் போதும். பில்ட் ஸ்கிரிப்ட்டைத் தட்டினால், கம்பைலர் உட்பட சகலமும் ஒரு கன்டெய்னருக்குள் வந்து இறங்கும். கல்யாண வீட்டுக்குச் சமையல்காரர் தன் அண்டா, கரண்டியோடு வருவாரே, அதேதான்! டெஸ்ட்களையும் அதற்குள்ளேயே ஓட்டலாம். மொத்தத்தையும் ஓட்டினால் ஃபேன் அலறும். தொட்ட ஃபோல்டரை மட்டும் ஓட்டுவது புத்திசாலித்தனம்.

இனிதான் வேடிக்கை. ‘கைண்ட்’ என்றொரு கருவி, உங்கள் திருத்தத்தோடு ஒரு கிளஸ்டரையே (கணினிக் கூட்டத்தையே) மடிக்கணினியில் கட்டிவிடும். கன்டெய்னர் ஒன்று கணினி வேஷம் போடும். அதன் வயிற்றுக்குள் இன்னும் பல கன்டெய்னர்கள்! டெர்மினலில் வரிக்கு வரி எமோஜி. கருவி ‘கைண்ட்’ என்பதால் அதன் இமேஜ் பெயர் ‘கைண்டஸ்ட்’ என்று தொடங்கும். அங்கே யாரோ ஒரு சிலேடைப் பிரியர் இருக்கிறார்!

திருத்தத்தை அனுப்பியதும் எதிரே நிற்பது ஒரு ரோபோ. அதை இயக்கும் அமைப்புக்குப் பெயர் ‘ப்ரௌ’. நம் கடலோரத்தில் அணியம் என்பார்களே, படகின் முன்பக்கம், அதுதான். உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆச்சா என்று முதலில் பார்க்கும். புதுமுகமா? உறுப்பினர் ஒருவர் ‘ஓகே டு டெஸ்ட்’ என்று எழுதும்வரை டெஸ்ட்கள் அசையாது. இவ்வளவு கறாரான ரோபோவிடம் ‘மியாவ்’ என்று கட்டளை போட்டால் பூனைப் படம் எடுத்து நீட்டும். ‘வூஃப்’ என்றால் நாய்!

எல்லாம் பச்சையாகி, ‘எல்ஜிடிஎம்’ (‘எனக்கு நன்றாகத் தெரிகிறது’), ‘அப்ரூவ்ட்’ என்ற இரு லேபிள்களும் விழுந்துவிட்டால்? இணைக்கும் பட்டனை மனிதர் யாரும் தொடுவதில்லை. அந்த வேலை ‘டைட்’ (ஓதம்) என்ற நிரலுக்கு. பெயர்ப் பொருத்தம் பாருங்கள்: ஓதம் ஏறினால் கரைத் தோணி தானே மிதக்கும்!